புதுப்பிப்பு: அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்தது

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, தனியாரில் ஒரு கண்ணுக்கே 38,000 ரூபாய் கேட்கிறார்கள், உதவி எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனோம். 1819-இல் தொடங்கிய இடம். வரிசை நீளம்தான், காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பரிசோதனை, லென்ஸ், சொட்டு மருந்து எதற்கும் காசு வாங்கவில்லை.

முதல்வர் காப்பீட்டு அட்டைக்கும் விண்ணப்பிக்கிறோம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும்; வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போதும்.

கண்ணாடிக்கு அடுத்த மாதம் பவர் பார்ப்பார்களாம். நேற்று அம்மா முறத்தில் உளுந்தைப் பரப்பி, தானே கல் பொறுக்கினார். பார்த்துக்கொண்டே நின்றேன். வழி சொன்ன அக்காவுக்கு ரொம்ப நன்றி.