புதுப்பிப்பு: வளைந்த கேமிங் மானிட்டர், மினுக்கல் நின்றது, கறுப்பு இழுவை கொஞ்சம் மிச்சம்

போன வாரம் கேட்டிருந்தேன்: புதிதாக வாங்கிய 27 அங்குல வளைந்த மானிட்டர் (விஏ என்ற எல்சிடி வகைப் பேனல், 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 முறை திரை புதுப்பிக்கும்) 60 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை, இருட்டுக் காட்சிகளில் மினுக்குகிறது, உருவங்கள் நகரும்போது கறுப்பு நிறம் பின்னால் கறைபோல இழுபடுகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கேபிள். ஹெச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் போட்டேன். அப்போதும் 60-தான்! விண்டோஸில் மேம்பட்ட டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் நாமே 165-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். இதற்கா இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

மினுக்கலுக்கு, "ஃபிரேம் ரேட்டைக் கட்டிப்போடு" (கேம் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதுதான் ஃபிரேம் ரேட்) என்ற யோசனைதான் பலித்தது. கேமில் அது 40-க்கும் 55-க்கும் இடையே ஊசலாடியது. திரையின் வேகத்தை ஃபிரேம் ரேட்டோடு ஒத்துப்போக வைக்கும் அடாப்டிவ் சிங்க் என் மானிட்டரில் 48-இல் தொடங்குகிறது. அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முறை காட்டப்படும்; திரை புதுப்பிக்கும் வேகம் சட்டென்று இரட்டிப்பாகி, விஏ பேனலில் வெளிச்சம் துள்ளும். நிழல் தரத்தைக் குறைத்து 80-இல் பூட்டினேன். மினுக்கல் இப்போது லோடிங் திரையில் மட்டும், அதுவும் எப்போதாவது.

கறுப்பு இழுவை முழுதாகப் போகவில்லை. பிக்சல்களை வேகமாக நிறம் மாற வைக்கும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்தால் நகரும் உருவங்களைச் சுற்றி வெளிர் நிழல் வருகிறது; நடு நிலையே தேவலை.

எதிர்பாராதது ஒன்று: பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த '1 எம்எஸ்' (ஒரு மில்லி விநாடி; அசைவு மங்கலைக் குறைப்பது) அமைப்பைப் போட்டால் அடாப்டிவ் சிங்க் அணைந்துவிடுகிறது, திரையும் மங்குகிறது. அதை அணைத்தே வைத்திருக்கிறேன். மானிட்டரைத் திருப்பி அனுப்பவில்லை.