ஐ.பி.எஸ். தொல்லைக்குக் குறைந்த அளவு நால்ட்ரெக்சோன் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: வங்கி ஊழியர், வேளச்சேரி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறால் அவதிப்பட்டு வருகிறேன். காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு அடிவயிற்றைப் பிசையும். பலமுறை கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும் வயிறு முழுமையாகக் காலியானது போல் இராது. மயிலாப்பூரிலுள்ள அலுவலகத்திற்குப் பறக்கும் ரயிலில் செல்ல வேண்டியிருப்பதாலும், அந்த ரயிலில் கழிப்பறை இல்லாததாலும், புறப்படும் முன் வயிற்றுப்போக்கை அடக்கும் லோபரமைடு மாத்திரை போட்டுக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. கொலனோஸ்கோபியிலும் இரத்தப் பரிசோதனைகளிலும் குறை எதுவும் தெரியவில்லை. மெபெவரின், புரோபயாடிக், வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சாம்பார் என எல்லாம் பார்த்தாயிற்று. ஓரளவுதான் பலன் கிடைத்தது.

வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர், நால்ட்ரெக்சோனை 4.5 மி.கி. அளவில் எடுத்துத் தமக்குக் குணம் தெரிந்ததாகச் சொல்கிறார். இங்கே 50 மி.கி. மாத்திரைதான் கிடைக்கிறது. அதை வீட்டிலேயே நறுக்கி எடுத்துக்கொள்ளலாமா? லோபரமைடையும், முதுகுவலி வரும்போது எடுக்கும் ஒரு மாத்திரையையும் தவிர வேறு மருந்து எதுவும் நான் சாப்பிடுவதில்லை.

பதில் 1: ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர், அண்ணா நகர்

அம்மா, மார்ஃபின், கோடீன் போன்ற அபின்வகை மருந்துகளை ஓபியாய்டு என்பார்கள். அவை உடலில் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை அடைக்கும் மருந்துதான் நால்ட்ரெக்சோன். அமெரிக்காவில் 1984இல் ஓபியாய்டு அடிமைத்தனத்திற்கும் 1994இல் மதுப்பழக்கத்திற்கும் அனுமதி பெற்றது. அவற்றுக்கான வழக்கமான அளவு நாளொன்றுக்கு 50 மி.கி. குடலின் நரம்புப் பின்னலிலும் அதே ஏற்பிகள் நிறைந்திருப்பதால்தான் கோடீன் கலந்த இருமல் மருந்து மலச்சிக்கலை உண்டாக்குகிறது. மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், சற்று நேரமே நீடிக்கும் அடைப்புக்கு ஈடாக உடல் தானே சுரக்கும் வலிதணிப்பானான எண்டார்ஃபினைக் கூட்டிக்கொள்ளும் என்பது ஒரு கருதுகோள். அது இன்னும் உறுதிப்படவில்லை.

ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. 42 பேருக்கு நாளொன்றுக்கு 0.5 மி.கி. வீதம் நான்கு வாரங்கள் கொடுத்தார்கள். பலர் தேறியதாகக் கூறினார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழு அதில் இல்லை. இந்த நோயில் போலி மாத்திரைக்கே கணிசமானோர் தேறுவது வழக்கம் என்பதால், அந்த முடிவை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் உறவினர் எடுக்கும் அளவோ அந்த ஆய்வில் கொடுத்ததைப்போல் ஒன்பது மடங்கு.

குறைந்த அளவு மருந்து என்றே யோசிப்பதாக இருந்தால், அதைவிட வலுவான சான்றுள்ளது அமிட்ரிப்டிலின். பிரிட்டனில் 463 பேரைக் கொண்டு ஆறு மாதங்கள் நடத்தப்பட்ட அட்லாண்டிஸ் ஆய்வு 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இரவில் 10 மி.கி. அளவில் தொடங்கி, தேவைக்கேற்ப 30 மி.கி. வரை கூட்டியதில், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்குத் தொல்லை குறைந்தது. இம்மருந்து குடலின் ஓட்டத்தைச் சற்றே மந்தப்படுத்துவதால், உங்களைப் போல் அடிக்கடி போக நேர்பவர்களுக்குப் பொருத்தமாக இருக்கக்கூடும். மலத்தில் இரத்தம், எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் குடல் காசநோயையும் மறந்துவிட முடியாது.

பதில் 2: இல்லத்தரசி, தாம்பரம்

சகோதரி, நான் அமிட்ரிப்டிலின் எடுத்து வருகிறேன். மருந்துச் சீட்டைப் பார்த்த கடைக்காரர், சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி, “இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிற மாத்திரை ஆச்சே?” என்று கேட்டார். வீட்டிலும் அதே பேச்சுக் கிளம்பியது. மனச்சோர்வுக்குத் தருவது இதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும், இங்கே குடலுக்கும் மூளைக்கும் இடையிலான வலிச் செய்தியைத் தணிக்கவே தருகிறார்கள் என்றும் மருத்துவர் என் கணவரை அழைத்து விளக்கிய பிறகே அந்தப் பேச்சு அடங்கியது. முதல் சில வாரங்கள் வாய் வறண்டது, காலையில் தலை கனத்தது. வயிற்று வலி மெல்ல மெல்லத்தான் குறைந்தது. பாதியில் விட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பதில் 3: மருந்தாளுநர், புரசைவாக்கம்

அம்மா, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட முதுகுவலி மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது. அதன் அட்டையைத் திருப்பி, பின்புறம் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். ‘டிரமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.’ என்ற சேர்க்கை மிகப் பரவலாகப் புழக்கத்தில் உள்ளது. டிரமடால் ஓர் ஓபியாய்டு. அதைத் தொடர்ந்து எடுப்பவர் திடீரென நால்ட்ரெக்சோனைத் தொடங்கினால், வாந்தி, நடுக்கம், கடும் வயிற்றுப்போக்கு என, பழகிய மருந்து சட்டென நின்றால் வரும் விலகல் அறிகுறிகள் தோன்றலாம். அதனால்தான் ஓபியாய்டை நிறுத்தி 7 முதல் 10 நாள் இடைவெளி விடச் சொல்வார்கள். அமிட்ரிப்டிலினோடு டிரமடால் சேர்ந்தாலோ வலிப்பும், செரோடோனின் என்ற நரம்புச் செய்திப் பொருள் உடலில் மிகையாவதும் நேரும் அபாயம் கூடும். ஆக, இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். லோபரமைடும் குடலிலுள்ள ஓபியாய்டு ஏற்பிகள் வழியாகவே வேலை செய்வதால், அதன் பலனையும் நால்ட்ரெக்சோன் குறைத்துவிடக்கூடும்.

50 மி.கி. மாத்திரையைப் பதினோரு துண்டாகப் பிளேடால் நறுக்க முடியாது. ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 8 மி.கி. என்றுதான் உள்ளே போகும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அளவு பார்த்துத் தயாரித்துத் தரும் மருந்தகத்தில்தான் அதைப் பெற வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அட்டையைப் பார்த்தேன் ஐயா; டிரமடால் என்றே இருக்கிறது. மாதத்தில் ஓரிரு முறைதான் எடுப்பேன். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் ஆகாது என்று எங்கோ படித்தேன். அம்மாவுக்கு அது உண்டு, எனக்கு இதுவரை சோதித்ததில்லை.

பதில் 3: மருந்தாளுநர், புரசைவாக்கம்

அப்படியானால் மாத்திரையைத் தொடங்கும் முன் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் அம்மா. இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் குடல்நோய்ப் பிரிவு இருக்கிறது. பழைய கொலனோஸ்கோபி அறிக்கையையும் அந்த அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.