அலாரம் போதாது, ஆள் வேண்டும்: ஏ.டி.எச்.டி. உள்ள அம்மாக்களுக்குத் துணை நின்றவர்கள் பேசுகிறோம்

குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா:

என் தங்கைக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத, மறதியும் பரபரப்பும் கூடிய குறைபாடு இருப்பது கல்யாணத்துக்கு முந்தின வருடம்தான் தெரிந்தது. அதுவரை வீட்டில் அவளுக்குப் பெயர் 'மறதி மூட்டை'. ஓரிடத்தில் நிற்காமல் ஓடும் பையன்களுக்குத்தான் இது வரும் என்று நினைத்திருந்தோம். இவள் ஓடமாட்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள், மனசு மட்டும் வேறெங்கோ இருக்கும். பெண் பிள்ளைகள் பலர் இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துவிடுகிறார்கள். குடும்ப வழியாக வரக்கூடியது என்று டாக்டர் சொன்னதும் அம்மாவுக்கு அப்பாவின் தறிதான் ஞாபகம் வந்தது. அப்பா லுங்கி நெய்தவர். தறியில் உட்கார்ந்துவிட்டால் சோறு தண்ணி ஞாபகம் இருக்காது.

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே தங்கை ஏ.டி.எச்.டி. மாத்திரையை நிறுத்திவிட்டாள், யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் டாக்டரிடம் போனபோது அவர் திட்டவில்லை. ஆனால் தானாக நிறுத்தியிருக்கக் கூடாது என்றார். அவள் சாப்பிட்டது மெத்தில்ஃபெனிடேட். முதல் மூன்று மாதத்தில் அதைச் சாப்பிட்டால் குழந்தையின் இதயத்தில் குறை வரும் வாய்ப்பு மிகச் சிறிய அளவு கூடலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே சமயம் மருந்தில்லாமல் கவனம் சிதறி வண்டி ஓட்டுவதும், நேரத்துக்குச் சாப்பிட மறப்பதும் ஆபத்துதான். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா, தொடர்வதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். மனநல டாக்டரும் பிரசவ டாக்டரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இவளுக்கு நிறுத்தியே வைத்தார்கள். ஸ்கூட்டி சாவியை அவளே மாமாவிடம் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும். இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது, கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. பிரசவத்துக்கு முன்னால் 180 நாள், பின்னால் 180 நாள். மற்றவர்களுக்கே நழுவும். போனில் அலாரம் வைத்தோம். அலாரம் அடிக்கும், கை அணைக்கும், மனசுக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் இரும்பு மாத்திரை அட்டையைத் துணி கிளிப்பில் மாட்டிக் கரண்டி ஸ்டாண்டில் தொங்கவிட்டேன். மதியம் குழம்புக் கரண்டியை எடுக்கப் போனால் கையில் தட்டும். கால்சியத்தைப் படுக்கும் இடத்தில் தண்ணீர்ச் சொம்பின் மூடி மேல் வைத்தோம். அதன்பிறகு தவறியது ரொம்பக் குறைவு.

அக்னி நட்சத்திரத்தில் பிரசவம். ஐந்து மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள், ஒரு குறையும் தெரியவில்லை. சீர் வைத்துக் காட்பாடிக்கு அனுப்பினோம். ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போன். "அக்கா, பாப்பாவுக்குக் கடைசியா எப்ப பால் குடுத்தேன்னு தெரியல."

விடிந்ததும் ரயில் ஏறிப் போனேன். வாஷிங் மிஷினில் முந்தின நாள் துணி ஈரத்தோடு நாறிக்கொண்டிருந்தது. ஜன்னல் திண்டில் மூன்று டம்ளர், மூன்றிலும் பாதி காபி ஆடை கட்டியிருந்தது. பாப்பா மட்டும் குளித்து, வயிறு நிறைந்து, அவள் மடியில் கொழுகொழுவென்று கிடந்தது. அவளுக்கு இருந்த கவனம் மொத்தமும் அந்த ஓர் இடத்துக்கே போயிருந்தது. அவளுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டில் ஆயா (பாட்டி) அவளுக்கு எதையும் ஞாபகப்படுத்தியதே இல்லை. பாப்பா அழுதால், "அந்தப் பக்கம் குடுத்தாச்சு, இந்தப் பக்கம் போடு" என்பார். பத்தியச் சோற்றோடு மாத்திரையும் தட்டில் வந்துவிடும். ஐந்து மாதம் அவளுடைய ஞாபகமாக ஆயா இருந்திருக்கிறார். குழந்தையை அனுப்பினோம், நகையை அனுப்பினோம், அந்த ஞாபகத்தை அனுப்ப மறந்துவிட்டோம்.

நான்கு நாள் தங்கினேன். கதவுள்ள பீரோவில் வைத்த பொருள் அவளுக்கு இல்லாத பொருள்தான். அதனால் குழந்தைத் துணி, டயபர், மருந்து எல்லாவற்றையும் திறந்த அலமாரிக்கு மாற்றினோம். பால் கொடுத்த பக்கத்துக் கையில் தலைமுடி ரப்பரைப் போட்டுக்கொள்வாள். அடுத்த முறை மறுபக்கம் கொடுத்ததும் ரப்பரும் கை மாறும். இதைப் படிக்கிற யாராவது உங்கள் வீட்டில் வேறென்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். மாமியார் வீட்டில் எப்படிப் பேசுவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தை நல்லவர்தான், ஆனால் "சொன்னா செய்யமாட்டேங்கிறா" என்று மனம் நொந்து போகிறார்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கணவர்:

நான் சிப்காட்டில் ஷிப்டு வேலை. "மாத்திரை போட்டியா, சாப்டியா" என்று மனைவிக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை போன் செய்வேன். எல்லாவற்றுக்கும் "ஆச்சு" என்பாள். ஒரு நாள் அட்டையை எண்ணிப் பார்த்தேன், எட்டு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, சின்ன வயதிலிருந்து இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கியிருக்கிறாள். கேட்பதை விட்டுவிட்டேன். வீட்டில் இருக்கும் நேரம் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறேன், மாத்திரையை எடுத்து வைக்கிறேன். பக்கத்தில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவளுக்கு வேலை நகர்கிறது. அந்த ஆள் உதவிகூடச் செய்ய வேண்டாம்.

தூக்கம் முக்கியம். ராத்திரி ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை குழந்தை என் பொறுப்பு, முன்பே பிழிந்து எடுத்த பால் கொடுப்பேன். நம் ஊர் வெயிலில் அதை வெளியே வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். விட்டுவிட்டுத் தூங்கியபோது இருந்த ஆளுக்கும், நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியபின் பேசிய ஆளுக்கும் சம்பந்தமே இல்லை.

சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மா:

நான் அந்தத் தங்கையின் இடத்தில் இருந்தவள். எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் ஏ.டி.எச்.டி. என்று தெரிந்தது, அப்போது வயது 31. பிரசவம் ஆனதும் ஈஸ்ட்ரோஜன் சடாரென்று இறங்கும், அந்த ஹார்மோனுக்கும் கவனத்தைப் பிடித்து வைக்கும் டோபமினுக்கும் தொடர்பு உண்டு என்று டாக்டர் சொன்னார். அதுவரை எப்படியோ ஓட்டியவர்கள் அங்கேதான் உடைகிறோம்.

அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மறதியை மட்டும் பார்க்காதீர்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு அதிகம். நான் மூன்று வாரம் தலை சீவவில்லை. எல்லோரும் "அவ எப்பவுமே இப்படித்தான்" என்றார்கள். எப்போதும் இருப்பதைவிட இது வேறு என்று கண்டுபிடித்தவள் என் நாத்தனார் ஒருத்திதான். குழந்தையைப் பார்த்தும் முகம் மலராவிட்டால், தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வராவிட்டால், "நான் இல்லாட்டி நல்லா இருக்கும்" என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். 14416 அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது வெகு காலப் பழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அம்மாவையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்து வைத்துப் பார்க்கும் வார்டே இருக்கிறது. பால் கொடுக்கும் காலத்தில் மாத்திரையை மறுபடி தொடங்குவதையும் டாக்டரோடு பேசலாம், கதவு மூடியதாக நினைக்க வேண்டாம்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கிராம சுகாதார செவிலியர்:

புதன்கிழமை தடுப்பூசிக்கு வராத ஒரு பெண்ணை இரண்டு முறை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். மூன்றாவது முறை வீட்டுக்கே போனேன். தாய் சேய் அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒரு தட்டில் பரப்பி வைத்து அழுதுகொண்டிருந்தாள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வர வேண்டிய பணத்துக்குத் தாள் கேட்டிருந்தோம், எங்கே தொடங்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன், இருபது நிமிடத்தில் முடிந்தது. இப்போது அப்படிப்பட்டவர்களிடம் ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்கிறேன், அதையும் அட்டையிலேயே பெரிதாக எழுதிவிடுகிறேன். செவ்வாய் சாயங்காலம் ஒரு போன், புதன் காலை அதே தெருவில் இன்னொரு அம்மாவோடு கூட்டு சேர்த்துவிடுவது. அந்தப் பெண் 9 மாத ஊசிக்கு முதல் ஆளாக வந்தாள். நான் கடிந்துகொண்டதற்கு அவளிடம் மன்னிப்பு கேட்டேன்.

குடியாத்தத்து அக்கா மீண்டும்:

ராணிப்பேட்டைத் தம்பி எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "சும்மா உக்காந்தா போதுமா?" என்று இரண்டு முறை கேட்டார். நேற்று சாயங்காலம் தங்கை வீடியோ காலில் வந்தாள். பின்னால் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து முள் கத்தரிக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். இவள் என்னோடு பேசிக்கொண்டே துணி மடித்தாள். கூடை காலியாகிவிட்டதை நான்தான் சொன்னேன்.