நீலகிரித் தைலம், கற்பூரம், கஷாயம்: கைக்குழந்தையும் வயதானவரும் இருக்கும் வீட்டில் எதை, எவ்வளவு?

சாரல்:
வணக்கம். வீட்டில் 14 மாதக் குழந்தை. மாமனாருக்கு 70 வயது, இதய வால்வு மாற்றியதால் வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார், கூடவே பிரஷர் மாத்திரை. குழந்தைக்குச் சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது வழக்கம். மாமனாருக்கு மூட்டுவலி என்றால் தைலம், இருமல் என்றால் அதிமதுரக் கஷாயம். போதாததற்கு இப்போது டிஃப்யூசர் (வாசனை எண்ணெயைத் தண்ணீரோடு புகைபோல அறையில் பரப்பும் இயந்திரம்) ஒன்றும் லெமன்கிராஸ், டீ ட்ரீ எண்ணெய்களும் வந்திருக்கின்றன. "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்ற பதில் வேண்டாம். எதை நிறுத்துவது, எதை எந்த அளவில் வைத்துக்கொள்வது, ஏன் என்று சொல்லுங்கள்.

மருந்துமேசை:
முதலில் நிறுத்த வேண்டியது அந்தக் கற்பூர எண்ணெய். கற்பூரம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். மூளையைத் தூண்டி வலிப்பை வரவழைக்கக்கூடியது. வாய்வழியாகப் போனால் சிறு குழந்தைக்கு 1 கிராம்கூட உயிருக்கு ஆபத்து. பூஜைக் கட்டிகள் சில சேர்ந்தாலே அந்த அளவு வந்துவிடும், பார்ப்பதற்கும் மிட்டாய் மாதிரியே இருக்கும்.

அமெரிக்காவில் 20% கற்பூரம் கலந்த எண்ணெய் ஒரு காலத்தில் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைத்தது. விளக்கெண்ணெய் என்று நினைத்துக் குழந்தைகளுக்கு வாயில் ஊற்றிவிட்ட சம்பவங்கள் சேர்ந்துபோய், 1980களின் தொடக்கத்தில் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். தடவும் மருந்துகளில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்றும் வரம்பு வைத்தார்கள். வீட்டு அடுப்பில் அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. 20 மி.லி. எண்ணெயில் 4 கிராம் கரைத்தாலே அந்த 20% ஆகிவிடும். துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதையும் விட்டுவிடுங்கள். முடிச்சு அவிழ்ந்தால் கட்டி நேராக வாய்க்குத்தான் போகும்.

அடுத்து நீலகிரித் தைலம். இதில் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. வயிற்றுக்குள் போனாலே குழந்தை மயங்கலாம், வலிப்பு வரலாம். அரை மணி நேரத்திலேயே அறிகுறி தெரியத் தொடங்கும். சொட்டு மருந்து பாட்டில் அளவிலேயே தைல பாட்டிலும் இருப்பதால் இருட்டில் கை மாறி எடுத்துவிடுவது நடக்கிற காரியம். எனவே இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். பூட்டுள்ள அலமாரிதான் சரி, "உயரமான தட்டு" போதாது.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், மோர் எதுவும் வேண்டாம். எண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி ஆபத்து. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108. குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் போக வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி கொடுப்பதெல்லாம் நேர விரயம்.

இரண்டு வயதுக்குக் கீழே மென்தால், கற்பூரம், நீலகிரி கலந்த பாம் எதுவும் வேண்டாம், குறிப்பாக மூக்குக்குக் கீழே. மென்தாலின் திடீர்க் குளிர்ச்சியில் குரல்வளை இறுகி மூச்சே தடைப்படலாம்.

எண்ணெய்ச்சொட்டு:
டிஃப்யூசர் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

100 மி.லி. தண்ணீருக்கு 3 சொட்டு. அரை மணி நேரம் ஓடட்டும், பிறகு அணைத்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தை தூங்கும் அறையில் வேண்டவே வேண்டாம். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இயந்திரத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீயைத் தொடாமலிருப்பது நல்லது. அதைச் செரிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

தோலில் தடவுவதற்குக் கணக்கு இப்படி. 1 மி.லி. என்பது ஏறக்குறைய 20 சொட்டு. பாட்டில் வாய்க்கும் எண்ணெயின் கனத்துக்கும் தக்கபடி இது மாறும், அதனால் குறைவான பக்கமே நில்லுங்கள். 10 மி.லி. நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ 2 சொட்டு விட்டால் 1%. பெரியவர்களுக்கு 4 சொட்டு வரை, அதாவது 2% வரை போகலாம். லெமன்கிராஸ் விதிவிலக்கு. அதிலுள்ள சிட்ரல் தோலை எரிக்கும், 10 மி.லி.க்கு 1 சொட்டோடு நிறுத்துங்கள். முழங்கை உள்மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடம்.

பலர் பக்கெட் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் குளிக்கிறார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து அப்படியே நீர்க்காமல் தோலில் ஒட்டும். எரிச்சல் வருவது அதனால்தான். பட்டுவிட்டால் தண்ணீரால் கழுவிப் பயனில்லை, தேங்காய் எண்ணெயால் துடைத்து எடுத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள்.

பழைய டீ ட்ரீ எண்ணெயைத் தூக்கிப் போடுங்கள். காற்றுப் பட்டுப் பட்டு அதில் உண்டாகும் பொருள்கள்தான் அலர்ஜிக்கு முக்கியக் காரணம். திறந்த தேதியை லேபிளில் எழுதிவையுங்கள், கறுப்போ பழுப்போ நிறக் கண்ணாடி பாட்டில், மூடி இறுக்கமாக.

வாங்கும்போது தாவரப் பெயர் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். வெறும் "வாசனை எண்ணெய்" என்றால் அது செயற்கை சென்ட்டாக இருக்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். லெமன்கிராஸ், நீலகிரி போன்றவை ஆவியாகிப் போய்விட வேண்டும். எண்ணெய்க் கறை தங்கினால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சந்தனம், வெட்டிவேர் எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அவை இயல்பிலேயே மெதுவாக ஆவியாகும்.

கஷாயச் சட்டி:
சாரல், குழந்தைக்கு அடுத்தபடியாகக் கவலைப்பட வேண்டியது உங்கள் மாமனாரைப் பற்றித்தான். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மூலிகையில் "கொஞ்சம்தானே" என்பதே கிடையாது.

மூட்டுவலித் தைல லேபிளில் மெத்தில் சாலிசிலேட் என்று இருக்கிறதா பாருங்கள். ஆஸ்பிரினின் சொந்தக்காரன் அது. ஊட்டியில் வின்டர்கிரீன் என்று விற்கும் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க அதுதான். அதில் 5 மி.லி. ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம், 325 மி.கி. மாத்திரை இருபதுக்கும் மேல். தோலில் தினமும் நிறையத் தேய்த்து, மேலே துணி சுற்றி, ஒத்தடமும் கொடுத்தால் உள்ளே போகும் அளவு கூடும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறி ரத்தக்கசிவு வரலாம். ஈறில் ரத்தம், காரணமில்லாத ஊதாத் திட்டு, கறுத்த மலம் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூட்டுக்கு வெறும் நல்லெண்ணெய் தேய்த்துச் சுடுநீர்ப் பை வைத்தால் போதும்.

அதிமதுரத்தை நிறுத்துங்கள். அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். பிரஷர் ஏறும். அவருடைய மாத்திரை சிறுநீர் பிரிக்கும் வகையாக இருந்தால் பொட்டாசியம் இரண்டு பக்கமும் குறைந்து இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். நாள்கணக்கில் தொடர்ந்து குடிப்பதுதான் சிக்கல், ஆனால் இவர் நிலையில் அந்தச் சோதனையே வேண்டாம்.

நிலவேம்புக் குடிநீரும் காய்ச்சல் சீசனில் வீட்டுக்கு வரும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மையும், சர்க்கரையையும் பிரஷரையும் இறக்கும் தன்மையும் அதற்கு உண்டு. அவருக்கு வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். இந்தத் தொந்தரவுகள் இல்லாத பெரியவர் என்றால் 5 கிராம் பொடி, 200 மி.லி. தண்ணீர், சிறுதீயில் 50 மி.லி.யாகச் சுண்டவைத்து வடிகட்டி, சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சி ராத்திரி வரை வைத்துக் குடிப்பது தவறு, புளித்துவிடும். பொடியில் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து வாங்குங்கள்.

ரசத்தில் பூண்டு, குழம்பில் மஞ்சள், சுக்குக் காபி வழக்கமான அளவில் இருக்கலாம். அதையே பூண்டு கேப்சூல், மஞ்சள் மாத்திரையாக வாங்காதீர்கள். கீரையை விடச் சொல்லவில்லை. வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் வார்ஃபரின் அளவும் ஒரே நிலையில் இருக்கும்.

நொச்சிக்காடு:
வேது பிடிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பெரியவர்களுக்கு ஒரு கைப்பிடி நொச்சி இலை போதும், தைலம் தேவையே இல்லை. இலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எண்ணெய் ஆவியாகும், தைலம் என்றால் ஒரே அடியாகக் கண்ணைக் கரிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தரையில் வைத்து, ஒரு அடி தள்ளி முகத்தைக் காட்டுங்கள். கண் மூடியிருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். கட்டிலில், மடியில், ஸ்டூலில் பாத்திரம் வைக்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு வேது வேண்டாம், பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோவதுதான் இதில் அதிகம் நடக்கும் விபத்து. மாமனாருக்குத் தலைசுற்றும் வழக்கம் இருந்தால் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

குழந்தைக்கு மூக்கடைத்தால் மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் குடிக்கும் முன்னும் தூங்கும் முன்னும் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. ஒரு வயது தாண்டிவிட்டதால் இரவு இருமலுக்குத் தேன் அரை டீஸ்பூன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே மட்டும் கூடவே கூடாது, தேனில் இருக்கக்கூடிய நச்சுக்கிருமி வித்துக்களை அந்தக் குடல் தாங்காது. விலா உள்வாங்கி மூச்சு விட்டாலோ பால் குடிக்க மறுத்தாலோ கைவைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக மருத்துவரிடம்.

சாரல்:
எல்லோருக்கும் நன்றி. தைல லேபிளைப் பார்த்தேன், மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டேன். இன்னொன்று: வசம்பு சுட்டு உரசி நாக்கில் தடவச் சொல்கிறார்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும் உண்டு.

மருந்துமேசை:
இரண்டும் வேண்டாம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். சுட்டால் அது எவ்வளவு போகும் என்பது கருக்கும் அளவைப் பொறுத்தது, ஒவ்வொரு முறையும் வேறு. மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட உடனடி ஆபத்து. எண்ணெய்க்கு இருமல் சரியாக வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா மாதிரி ஆகும், ஆன்டிபயாடிக்குக்கும் கேட்காது. ஏற்கெனவே விட்டுப் பழகியிருந்து குழந்தைக்குச் சளி அடிக்கடி திரும்பி வந்தால், எண்ணெய் விட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது அவருக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.