புதுப்பிப்பு: எங்கள் மலைவாழைக்கு வந்தது முடிக்கொத்து நோய்தான்

கீழ்ப்பழனி மலையில் எங்கள் விருப்பாட்சி ரக மலைவாழைகள் சிலவற்றில் இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக நிற்பதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். சத்துக்குறைவாக இருக்கும் என்று பலர் சொன்னீர்கள். இல்லை, முடிக்கொத்து நோயேதான். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நடுநரம்பை ஒட்டிக் கரும்பச்சைக் கீற்றுகள், புள்ளியும் கோடுமாக விட்டுவிட்டு ஓடுகின்றன.

இது வைரஸால் வரும் நோய். அந்த வைரஸைப் பரப்புவது வாழை அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. குருத்தின் அடியிலும் பழைய மட்டைக்குள்ளும் கரும்பழுப்பாக ஒட்டியிருக்கும். எறும்பு ஏறுகிற மரத்தில் முதலில் தேடுங்கள். நோயுற்ற மரத்தை அப்படியே வெட்டிச் சாய்த்தால் பூச்சி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். அதனால் முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொன்றோம். அப்புறம்தான் கிழங்கோடு தோண்டி எடுத்தோம். மண்ணில் கிழங்கு மிஞ்சினால் அதில் முளைக்கும் கன்றும் நோயோடுதான் வரும்.

கம்பத்திலிருந்து ஒருவர் திராட்சைக்கும் இப்படிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் உண்டா என்று கேட்டிருந்தார். உண்டு. இலைச்சுருள் வைரஸை மாவுப்பூச்சி பரப்பும். கறுப்பு ரகங்களில் இலை சிவந்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். அதற்கும் குணப்படுத்தும் மருந்து கிடையாது, கொடியைப் பிடுங்கத்தான் வேண்டும்.

1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை பெருமளவு சுருங்கியதற்கு முடிக்கொத்து நோய் முக்கியக் காரணம். அந்தச் சுவையை இழக்க மனமில்லை. ஆய்வகத்தில் வளர்த்து, வைரஸ் இல்லை என்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளைத்தான் இனி நடப்போகிறோம். தெரிந்தவர் தோட்டம் என்று பக்கக்கன்று வாங்கி நடாதீர்கள்.