ட்ரிகர் ரொம்ப கனமா இருக்கா? ஸ்பிரிங்கை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்கா வந்து, கிரீன் கார்டும் வாங்கி, முதல் பிஸ்டலும் வாங்கிய நம் ஆட்கள் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) ஒரு தரம் போய்விட்டு வந்ததும் கேட்பது இது: "ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கு, லேசாக்க என்ன வழி?" ஊரில் என்சிசியில் .22 ரைஃபிள் சுட்டதோடு சரி, அதற்குமேல் துப்பாக்கியைத் தொட்டதில்லை என்பவர்கள்தான் பெரும்பாலும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் நண்பர் ரேஞ்சில் "இந்தா, சும்மா ஒரு தரம் சுட்டுப் பார்" என்று கையில் கொடுப்பதும் இதில் அடங்கலாம். மாட்டினால் 15 வருடம் வரை சிறை, அதோடு நாடு கடத்தல். விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸப் குழுவில் அல்ல. கீழே எழுதுவதெல்லாம் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்களுக்கு.

சரி, ட்ரிகர். எவ்வளவு கனம் என்று முதலில் அளந்து பாருங்கள். ட்ரிகர் புல் கேஜ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பத்து தரம் இழுத்து சராசரி எடுங்கள். கிளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் (சுத்தியலுக்குப் பதில் உள்ளே ஒரு ஊசி பாய்ந்து தோட்டாவை அடிப்பது) ஐந்தரை, ஆறு பவுண்டு காட்டினால் அது கம்பெனியில் இருந்து வரும் சாதாரண அளவுதான், கோளாறு ஒன்றும் இல்லை. பெரெட்டா 92 மாதிரி ஹாமர் (சுத்தியல்) வைத்த துப்பாக்கியில் முதல் சூடு டபுள் ஆக்‌ஷனில் (ட்ரிகரே ஹாமரையும் பின்னுக்கு இழுக்கும் முறை) 12 பவுண்டு பக்கம் வரும், ஹாமர் பின்னால் நின்றபிறகு அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முதல் தோட்டா மட்டும் கீழே இடதுபுறம் போகிறது என்று புலம்பும் வலதுகைக்காரர்கள் இதைத்தான் அனுபவிக்கிறார்கள்.

அளக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். கனம் வேறு, கரகரப்பு வேறு. மணல் போட்ட மாதிரி உரசி உரசி வரும் ஐந்து பவுண்டு, வழுக்கிக்கொண்டு வரும் ஏழு பவுண்டைவிட மோசமாகத் தெரியும். கரகரப்புதான் பிரச்சினை என்றால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். புதுத் துப்பாக்கியில் பூசி வரும் கெட்டி கிரீஸை மேனுவல் சொல்கிறபடி துடைத்து, அது சொல்லும் இடங்களில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சில வாரம் ட்ரை ஃபயர் (தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவது) செய்யுங்கள். உலோகத்தோடு உலோகம் பழகிவிடும், உங்கள் விரலும் பழகிவிடும். இதில் பாதிப்பேரின் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ட்ரை ஃபயர் செய்யும்போது தோட்டா எல்லாம் அடுத்த அறையில் இருக்கட்டும், தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு தரம் பாருங்கள். .22 பிஸ்டல் என்றால் ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போடாமல் செய்யாதீர்கள், பலவற்றில் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதிக் கெடும்.

கை சிறியவர்களுக்கு ஒரு விஷயம். விரல் நுனி மட்டும் எட்டி எட்டி இழுத்தால் எந்த ட்ரிகரும் கனமாகத்தான் இருக்கும். பெட்டியிலேயே வரும் சின்ன பேக்ஸ்ட்ராப்பை (கைப்பிடியின் பின்பக்கத் துண்டு) மாட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

இதெல்லாம் செய்தும் கனம் குறையவில்லை என்றால்தான் உள்ளே கை வைக்கும் பேச்சு. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ட்ரிகரை இழுக்க நீங்கள் செலவழிக்கும் பலத்தில் ஒரு பகுதி ஸ்ட்ரைக்கரையோ ஹாமரையோ பின்னுக்குத் தள்ளப் போகிறது. தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரை அடித்து வெடிக்க வைப்பதும் அதே பலம்தான். அந்த ஸ்பிரிங்கை மெலிதாக மாற்றினால் ட்ரிகர் லேசாகும், அடியும் லேசாகும். 'கிளிக்' என்று சத்தம் மட்டும் வரும், தோட்டா வெடிக்காது. ஃபெடரல் என்ற கம்பெனியின் பிரைமர் மிருதுவானது, லேசான அடிக்கே வெடித்துவிடும். சிசிஐ கம்பெனியுடையது கொஞ்சம் கெட்டி. ராணுவ உபரித் தோட்டா அதைவிடக் கெட்டியாக இருக்கலாம். ஒரு பிராண்டில் ஒழுங்காகச் சுடும் துப்பாக்கி இன்னொன்றில் சொதப்புவது இதனால்தான்.

அதனால் கிளாக் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டர், அதாவது ட்ரிகர் அமைப்பில் உள்ள சின்ன வளைந்த தகடு. அதன் வளைவுக் கோணம் மாறினாலே கனம் குறையும், ஸ்ட்ரைக்கரின் அடி அப்படியே இருக்கும். கிளாக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: சாதாரண சுருள் ட்ரிகர் ஸ்பிரிங் உங்கள் விரலுக்கு எதிராக வேலை செய்வதில்லை, கூடச் சேர்ந்து இழுக்கிறது. அங்கே பலமான ஸ்பிரிங் போட்டால் ட்ரிகர் லேசாகும். ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை மட்டும் கம்பெனி அளவிலேயே விடுங்கள்.

பெரெட்டாக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். டபுள் ஆக்‌ஷன் மட்டுமே உள்ள 'டி' மாடலுக்காகக் கம்பெனியே செய்த ஹாமர் ஸ்பிரிங்கை 92எஃப்எஸ்ஸில் போட்டுக்கொள்ளலாம். விலை சில டாலர்தான், இழுவையில் சில பவுண்டு குறையும், சாதாரணக் கடைத் தோட்டாக்களில் அடியும் போதுமானதாகவே இருக்கும். இதுவும் ஹாமர் ஸ்பிரிங்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் அந்தத் துப்பாக்கியில் மூல ஸ்பிரிங் தேவைக்கு மேலேயே பலமானது. எல்லாத் துப்பாக்கியிலும் அந்த உபரி இருக்காது.

பாலிஷ் பற்றி. '25 சென்ட் வேலை' என்று வீடியோக்களில் காட்டுவார்கள்: காட்டன் பட்டும் மெட்டல் பாலிஷும் வைத்து, உரசும் இடங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. கையால், பளபளப்போடு நிறுத்தினால் தவறில்லை. அரம், சாணைக் கல், சுற்றும் கருவி எதுவும் சியர் (ஹாமரையோ ஸ்ட்ரைக்கரையோ பிடித்து வைத்து, ட்ரிகர் இழுத்ததும் விடும் பாகம்) பக்கம் போகக் கூடாது. பல பாகங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். அது போனால் உள்ளே மிருதுவான உலோகம், சீக்கிரம் தேயும். கோணம் மாறினால் ஒரு இழுப்பில் இரண்டு தோட்டா போகலாம். அது உயிருக்கும் ஆபத்து, சட்டத்தின் கண்ணில் மெஷின் கன் என்ற வம்பும் சேரும். ஃபயரிங் பின்னைத் தடுக்கும் பாதுகாப்புப் பாகத்தை வெட்டுவதோ கழற்றுவதோ கூடவே கூடாது, கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பது அதுதான்.

மாற்றிய பிறகு, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே தோட்டாவில் குறைந்தது இருநூறாவது சுடுங்கள். பயிற்சிக்கு ஒன்று, வீட்டுக் காவலுக்கு ஒன்று என்றால் இரண்டையும் சோதியுங்கள். வெடிக்காமல் போனால் துப்பாக்கியை இலக்குப் பக்கமே 30 நொடி பிடித்திருங்கள், சில சமயம் தாமதமாக வெடிக்கும். பிறகு எடுத்து பிரைமரில் விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். ஆழமில்லாமல் இருந்தால் பழைய ஸ்பிரிங் திரும்பப் போக வேண்டியதுதான், வாதமே இல்லை. பழைய பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

*"அண்ணா, நான் பாஸ்டன் பக்கம். என் பிஸ்டல் 10 பவுண்டு காட்டுது. டெக்சாஸ்ல இருக்கிற என் நாத்தனாரோட அதே மாடல் பாதிதான் இருக்கு. ஏமாத்திட்டாங்களா?"*

இல்லை தங்கச்சி. மாசசூசெட்ஸில் கடையில் விற்கும் கைத்துப்பாக்கியை ஐந்து வயதுக் குழந்தை இயக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று விதி. அதற்கு அவர்கள் ஏற்கும் வழிகளில் ஒன்று 10 பவுண்டு ட்ரிகர். அதனால் அந்த மாநிலத்துக்கென்றே தனி ஸ்பிரிங் வைத்து அனுப்புகிறார்கள். விதி கடைக்காரருக்கு, ஆனாலும் நீங்கள் மாற்றும் முன் உள்ளூர் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) மாநிலச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கனமான ட்ரிகர் தானாகப் பாதுகாப்பு தந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க் போலீஸ் பல வருடம் 12 பவுண்டு ட்ரிகர்தான் வைத்திருந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலையாளியை நோக்கிச் சுட்டபோது, அக்கம்பக்கத்தில் இருந்த ஒன்பது பேர் போலீஸ் தோட்டாவாலும் சிதறலாலும் காயம்பட்டார்கள். ட்ரிகர் மட்டும் காரணமில்லைதான், ஆனால் அந்த விவாதம் அப்போது பெரிதாக எழுந்தது. வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டும் பெட்டிதான் பாதுகாப்பு.

*"போட்டிக்கு எவ்வளவு லேசா வைக்கலாம்?"*

அந்தப் போட்டியின் விதிப்புத்தகம் சொல்லும். ஒலிம்பிக் முறை 25 மீட்டர் பிஸ்டலில் ட்ரிகர் 1000 கிராமுக்குக் குறையக் கூடாது, 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 500 கிராம். அந்தக் கனத்தை இடுப்பில் செருகும் துப்பாக்கியில் கேட்காதீர்கள். இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி என்றால் நான் ஐந்து பவுண்டுக்குக் கீழே போக மாட்டேன்.

கடைசியாக ஒன்று, ட்ரிகருக்குச் சம்பந்தமில்லாதது. ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஏதோ ஒரு ஜிப்புக்குள் ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா தங்கியிருந்தாலும், மீனம்பாக்கத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகலாம். லீவு முழுக்க போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டி வரும்.