பழைய ஓப்பன் டாப் கார் டெல்டாவில் கட்டுப்படியாகுமா? வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள்

தஞ்சாவூர்

எல்லோருக்கும் வணக்கம். கூரை திறக்கிற கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து இருக்கிற ஆசை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 விலைக்கு வந்திருக்கிறது. 2011 மாடல், 35ஐ, மடங்கி டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை, இரண்டே சீட். 17 லட்சம் கேட்கிறார்கள். புதிதில் அரைக் கோடியைத் தாண்டி விற்ற வண்டி. வீட்டில் ஸ்விஃப்ட் இருக்கிறது, அதனால் குடும்பத்துக்கு வண்டி இல்லை என்ற பேச்சு எழாது.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "வாங்குற காசு இருக்கு. வச்சுக்குற காசு இருக்கா?" என்னிடம் பதில் இல்லை. நம்ம பக்கத்துச் சாலை, மழை, வெயில் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு என்ன ஆகும்? வைத்திருந்தவர்களும், பார்க்கப் போய் வாங்காமல் வந்தவர்களும் எழுதுங்கள்.

கும்பகோணம்

தம்பி, நான் இப்படி ஒரு ஜெர்மன் இரண்டு சீட் வண்டியைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். இன்னும் விற்கவில்லை, விற்கிற எண்ணமும் இல்லை. அதனால் ஆசையைக் கெடுக்க எழுதுகிறேன் என்று நினைக்காதே.

எல்லோரும் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். நீ முதலில் கூரையைப் பார். எஞ்சின் வேலை தெரிந்த ஆள் திருச்சியிலேயே கிடைப்பார். கூரை வேலை தெரிந்தவரைத் தேடினால் சென்னை, இல்லையென்றால் கோவை, பெங்களூரு. கூரை என்பது ஒரு பம்ப், அதிலிருந்து எண்ணெய் போகும் குழாய்கள், தூக்கி மடக்கும் சிலிண்டர்கள், ஒவ்வொரு அசைவும் முடிந்ததா என்று சொல்லும் சின்னச் சின்ன சுவிட்சுகள், இத்தனையும் சேர்ந்தது. ஒரு சுவிட்ச் பதில் சொல்லாவிட்டால் போதும், கூரை பாதியில் நின்றுவிடும். வெயிலில் நிறுத்தி ஒருமுறை, எஞ்சின் சூடான பிறகு ஒருமுறை, கொஞ்சம் மேடுபள்ளமான இடத்தில் ஒருமுறை திறந்து மூடச் சொல். விற்பவர் "பேட்டரி வீக்கா இருக்கு சார், இப்ப வேண்டாம்" என்றால் பேட்டரி மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு.

அடுத்தது தண்ணீர். கூரையில் விழும் மழை வடிய இரண்டு பக்கமும் துளையும் குழாயும் உண்டு. நம்ம ஊர்ச் சாலையில் பாதி தூரம் புளியமரம். புளிய இலை எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். எந்தச் சல்லடைக்கும் நிற்காமல் நேராக அந்தக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். 2002 முதல் 2008 வரை வந்த துணிக் கூரை இசட்4-இல் கூரை மோட்டார் பின்பக்கம் தாழ்வான இடத்தில் இருப்பதால், வடிகுழாய் அடைத்தால் மோட்டாரே தண்ணீரில் மூழ்கும். உலகம் முழுக்க அந்த வண்டிக்காரர்களுக்குப் பழகிய தொல்லை இது. நீ பார்க்கும் மாடல் வேறுதான், ஆனாலும் வடிகுழாய் விஷயம் எல்லாவற்றுக்கும் பொது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் குழாயைச் சுத்தம் செய்வதும், சித்திரை வெயிலில் ரப்பர் பீடிங் காய்ந்து வெடிக்காமல் சிலிகான் கிரீஸ் தடவுவதும் நான் தவறாமல் செய்யும் வேலை. காசு அதிகம் ஆகாது. செய்யாமல் விட்டால் பீடிங் செட் மாற்றப் பெரிய தொகை போகும்.

மூன்றாவது எலி. சிரிக்காதே. சம்பா அறுவடை முடிந்தால் வயலில் இருக்கும் எலி வீட்டைத் தேடி வரும். என் வண்டியில் கூரை மடங்கும் இடத்துக்குள் புகுந்து வயரைக் கடித்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் காட்டியபோது ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று 2 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். மன்னார்குடியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், வயரிங் படத்தை மொபைலில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து, கடிபட்ட வயர்களை மட்டும் ஒட்டிக் கொடுத்தார். 6 ஆயிரம் வாங்கினார். இன்றுவரை ஓடுகிறது. இப்படி ஒரு ஆள் உன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் உன் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில்.

மன்னார்குடி

நான் பார்க்கப் போய் வாங்காமல் வந்தவன். டில்லிப் பதிவு எண் போட்ட 2009 மெர்சிடீஸ் எஸ்எல்கே, இதுவும் கூரை மடங்கும் இரண்டு சீட் வண்டிதான், 9 லட்சம் சொன்னார் ஒரு தரகர். விலை ஏன் அவ்வளவு இறங்கியது என்று யோசித்தால், 2025-இல் தளர்த்தும் வரை டில்லியில் 15 வருடம் தாண்டிய எல்லா பெட்ரோல் வண்டிக்கும் தடை இருந்தது, டீசலுக்கு 10 வருடம். 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வயதை நெருங்கும் வண்டிகளைத் தெற்கே தள்ளிவிட்டார்கள்.

இங்கே கொண்டுவந்தால் கணக்கு வேறு. அந்த ஊர் ஆர்டிஓவிடம் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இங்கே படிவம் 27 கொடுத்துப் புது எண், தமிழ்நாட்டுச் சாலை வரி மறுபடி. வரி நாம் கொடுக்கும் 9 லட்சத்துக்கு இல்லை, வண்டியின் அன்றைய புது விலையை வைத்து வயதுக்குத் தக்கபடி குறைத்துப் போடுவார்கள். அதற்கு மேல், 15 வருடம் முடிந்ததும் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். சாதாரண காருக்கு மத்திய அரசுக் கட்டணம் 5 ஆயிரம். இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருந்தால் 40 ஆயிரம், 20 வருடம் தாண்டினால் 80 ஆயிரம். இந்த வண்டிகள் முழுசாகக் கப்பலில் வந்தவை, அதனால் ஆர்சியில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை முதலிலேயே பாருங்கள்.

கடைசியில் நான் விட்டதற்குக் காரணம் வேறு. ஆர்சியில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் நிற்கிறது, கடன் முடிந்தது என்று காட்டும் படிவம் 35 கையில் இல்லை. "அப்புறம் எடுத்துத் தர்றேன் சார்" என்றார் தரகர். எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் கோவை வண்டி தமிழ்நாட்டுப் பதிவு என்றால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி கிடையாது. அதற்காக ஒரு லட்சம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

நாகப்பட்டினம்

கடலோரம் வைத்துக்கொள்ளாதீர்கள். உப்புக் காற்றில் கூரையின் கனெக்டர்களில் பச்சை பூத்துவிடும். நல்ல ஷெட் கட்டும் செலவையும் கணக்கில் சேருங்கள். இன்ஷூரன்ஸில் இந்த வயது வண்டிக்கு பம்பர் டு பம்பர், அதாவது தேய்மானம் கழிக்காமல் தரும் பாலிசி, கிடைப்பது கஷ்டம், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். 1500 சிசிக்கு மேல் என்பதால் தேர்ட் பார்ட்டி மட்டுமே 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

திருச்சி

அண்ணே, நான் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன், ஐரோப்பிய வண்டிகள் வரும். நீங்கள் சொல்லும் 35ஐ-க்குள் இருப்பது என்54 என்கிற 3 லிட்டர், இரட்டை டர்போ, ஆறு சிலிண்டர் எஞ்சின். ஓட்டினால் இறங்க மனசு வராது. ஆனால் அதன் ஹை பிரஷர் பெட்ரோல் பம்புக்காக 2010-இல் அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ ரீகால் செய்தது, அதாவது விற்ற வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. பம்ப் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுவது. அது நிற்பதற்கு முன்னால் சத்தம் கொடுக்காது, நம்ம ஊர்ச் சித்திரையில் நடுவழியில் நின்றால் எஞ்சினே போகும். 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி என்றால் வாங்கியதும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லையும் கேளுங்கள்.

டயர் விஷயம் பலருக்குத் தெரியாது. ஸ்டெப்னி கிடையாது, காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்பிளாட் டயர். முன்னால் 225, பின்னால் 255 அகலம், அதனால் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. நாலும் மாற்றினால் ஒரு லட்சத்தை ஒட்டி வரும்.

பெட்ரோல் இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்தது, இந்த வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள்.

அப்புறம், தரையோடு ஒட்டிய வண்டி. பாபநாசம், அய்யம்பேட்டை வழியில் வேகத்தடையைக் குறுக்காக ஏறி இறங்கப் பழகிக்கொள்ளலாம். ஆனால் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருக்கும் நாட்களில் அந்த வழியே போகாதீர்கள். காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

கும்பகோணம்

தம்பி, செலவு மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். நம்ம பக்கம் பகலில் கூரை திறக்க முடிவது மார்கழி, தை, மாசி. மற்ற மாதங்களில் சூரியன் இறங்கிய பிறகு. ஆனால் அந்த மூன்று மாதத்தில் விடியற்காலை திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கல்லணைக்குக் கரையோரமாகப் போய்ப் பார். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கதிர் முற்றிய வயல், பனி வாசம், மார்கழி என்றால் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. மூடிய காரில் இதில் எதுவும் உள்ளே வராது. வருடத்துக்கு இவ்வளவு செலவழித்து ஏன் வைத்திருக்கிறாய் என்று என் தங்கை கேட்டாள். ஒருநாள் கூட்டிப்போனேன். அதன் பிறகு தை பிறந்தால் அவளே போன் செய்கிறாள்.

தஞ்சாவூர்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். வாங்கியதும் ஆகவேண்டியவை: வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கியர் ஆயில், பேட்டரி, டயர், ஷெட். இதற்கு மூன்று லட்சம் தனியாக ஒதுக்குகிறோம். பிறகு வருடா வருடம் சர்வீஸ், இன்ஷூரன்ஸ், கூரைக்கென்று எடுத்து வைப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். இவ்வளவையும் கடன் வாங்காமல் கொடுக்க முடிந்தால்தான் வண்டி என்று அப்பா சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன்.

விற்பவரிடம் பேசினேன். கோவைப் பதிவு, கடன் ஏதும் இல்லை, பெட்ரோல் பம்ப் மாற்றிய பில் இருக்கிறது. கியர் ஆயில் பில் இல்லை. 14 லட்சம் சொல்லியிருக்கிறேன், 15 வரை போவேன், அதற்கு மேல் இல்லை. திருச்சி அண்ணன் வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரோடு கூட வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெயில் ஏறிய பிறகு மதியம் பார்க்கிறோம், கூரையை மூன்று முறை திறந்து மூடிக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார்.